பதினேழாம் குழாய்

போன ஆகஸ்டில் நான்தான் எழுதினேன்:
"கிலோமீட்டர் ஒன்பது புள்ளி நான்கு. வறண்ட ஓடை.
முப்பது சென்டிமீட்டர் குழாய் போதும்."
கையெழுத்தும் என்னுடையதே.
வட்டமாக, சந்தேகமே இல்லாமல்.

அன்றைக்கு அங்கே
பாசி காய்ந்து உரிந்த ஒரு பாறை,
அதன் அடியில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை,
ஒரு குளவி.
ஜீப்பை விட்டு நான் இறங்கவில்லை.
கண்ணாடியை மட்டும் இறக்கினேன்.

இப்போது ஏப்ரல்.
அபுசேனி மலையில் பனி உருகத் தொடங்கிப் பதினோராம் நாள்.
சாலை முடிகிற இடத்தில் நிற்கிறேன்.
நேற்றுவரை அது இங்கே முடியவில்லை.
என் பதினேழாம் குழாய்
கீழே பீச் மரக்கவட்டில் செருகிக் கிடக்கிறது,
ஊதிப் பார்த்துச் சலித்து
எவனோ எறிந்த ஊதுகுழல் போல.

அந்தப் பக்கம் கவ்ரிலின் மர லாரி, முழுச் சுமையோடு.
இந்தப் பக்கம் நான்.
நடுவில் அது.

அருவி என்று சொல்ல வாய் கூசுகிறது,
மூன்று ஆள் உயரம்கூட இருக்காது.
பாறையின் ஒரு தோளில் விழுந்து
தயங்கி
மறு தோளுக்கு மாறி
அங்கே தயக்கத்தை விட்டுவிட்டு மொத்தமாகக் குதிக்கிறது.
வெள்ளை இல்லை, தேநீர் நிறம்.
குளிர்காலம் முழுக்க ஸ்ப்ரூஸ் இலைகள் ஊறிய சாறு.
பனிக்கட்டித் துண்டுகள் கல்லில் மோதும் சத்தம்
கல்லாப்பெட்டியில் சில்லறை கொட்டுவதைப் போல.
சாலையின் தார்விளிம்பு
கடித்து வைத்த ரொட்டி.

நனைந்த சரளையில்
மஞ்சள் புள்ளி போட்ட கறுப்புச் சலமாந்தர் ஒன்று
சாலை இருந்த இடத்தை நிதானமாகக் கடந்தது.
அதற்குப் பாலம் தேவைப்படவில்லை.

மேட்டு வீட்டு இலிங்கா
சூரியகாந்தி விதை கொறித்தபடி இறங்கி வந்தாள்.
முப்பது வயதிருக்கும். தோளில் ஈரக் கம்பளம்.
"பெயர் என்ன இதற்கு?" என்றேன்,
படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
"மூன்று வாரம் இருக்கிறதற்குப் பெயரா?
'வந்துவிட்டது' என்போம். எல்லோருக்கும் புரியும்.
கம்பளங்களை எடுத்துக்கொண்டு ஓடி வருவோம்."
தோலைத் துப்பினாள்.
"யார் அளந்தது இதை?"

"அலுவலகம்" என்றேன்.

அலுவலகம் என்றால் நான்,
ஒரு மேசை, கால் ஆடும் ஒரு நாற்காலி,
வாரத்தில் இரண்டு நாள் வரும் ஆவ்ரம்.
அவனும் விடுப்பில் இருக்கிறான்.

அவள் போன பிறகு
கவ்ரில் அந்தக் கரையிலிருந்து ஏதோ கத்தினான்.
கையை விரித்தான், குழாயைக் காட்டினான்,
தலையில் அடித்துக்கொண்டான்.
எவன் வைத்தான் இதை என்று கேட்கிறான்,
அதற்குக் காது தேவையில்லை.
ஆனாலும் காதில் கையைக் குவித்து
கேட்கவில்லை என்றேன்.
தண்ணீர் எனக்காகச் சத்தம் போட்டது.
என் பக்கம் இன்று அது ஒன்றுதான்.

சேதத்தின் காரணம், என்கிறது படிவம்.
எதிர்பாராத நீர்வரத்து, என்று எழுதினேன்.
எதிர்பாராத என்பதில் பேனா நின்றது.
பதினோரு வீடுகள் கம்பளத்தோடு எதிர்பார்த்திருந்திருக்கின்றன.

என்ன தோன்றியதோ,
விளிம்புவரை போய்
நுரை முகத்தில் தெறிக்க நின்று
அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்:
"நான்தான்! நான்தான் எழுதினேன்!
இறங்கிப் பார்க்கவில்லை!"

கவ்ரில் தலையை ஒருபக்கம் சாய்த்தான்.
பிறகு, புரிந்துவிட்டது என்று கட்டை விரலை உயர்த்தி
சட்டைப்பையைத் துழாவி
சிகரெட் பெட்டியை ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டி
அருவிக்கு மேலாக வீசினான்.

என் காலடியில் விழுந்தது, பாதி நனைந்து.

எனக்குப் பழக்கம் இல்லை.
ஒன்றை எடுத்து
பற்ற வைக்காமல்
வாயில் வைத்துக்கொண்டேன்.
அவன் சிரித்தான்.